தேன்பெட்டிப் பரிசோதனை (சித்தூர், திருப்பதி வட்டாரம்)

பூக்கும் பருவத்தில் தேன்பெட்டியை உரிய இடைவெளிகளில் திறந்து, இராணியின் நலம், புழுக்களின் வளர்ச்சி, ஆகாரச் சேமிப்பு ஆகியவற்றை ஆராய்ந்து ஆவன செய்வதே தேன்பெட்டிப் பரிசோதனை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இப்பருவம் மா பூக்கும் தை மாதத்தில் தொடங்கி, வேம்பும் புங்கும் மலரும் சித்திரையைக் கடந்து, புளி பூக்கும் ஆனி வரை நீளும்.

சேஷாசல மலைப் பாறைகளில் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீ பெட்டிக்கு அடங்காது. மரப்பொந்துகளில் பல அடைகளை வரிசையாகக் கட்டும் இந்தியத் தேனீயே இங்கு வளர்ப்புக்கு இசைந்த சுதேசி இனம். அதன் சிற்றுடலுக்கேற்ற பெட்டியை 1910களில் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் அமைத்தார். தென்னாட்டுத் தேனீ வளர்ப்பு அவருக்கு மிகவும் கடமைப்பட்டது.

வெயில் ஏறுமுன், வாயிலுக்கு எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, சிறிது புகை காட்டிச் சட்டங்களை ஒவ்வொன்றாக நிதானமாக உயர்த்திப் பார்க்கவேண்டும். இராணியைத் தேடிப் பொழுது கழிப்பது அநாவசியம்: முட்டை 3 நாளில் பொரிந்துவிடுமாதலால், அறைக்கு ஒன்றாக முட்டைகள் தென்படின், மூன்று நாளுக்குள் அவள் அங்கு உலவினாள் என்பது நிச்சயம். ஓரறையில் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால், இராணி மறைந்து பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன என்று ஐயுறவேண்டும். அடிக்கடி கலைத்தால் கூட்டையே துறந்து பறந்துவிடும் சுபாவம் இவ்வினத்துக்கு உண்டாகையால், வாரம் ஒருமுறைக்கு மேல் பெட்டியைத் திறவாதிருப்பதே விவேகம்.

அடையின் கீழ்விளிம்பில் இராணி அறைகள் தொங்கினால் குடி பிரியும் காலம் நெருங்கியதாகும். அவ்வறைகளைக் களைவதோடு நில்லாமல், இடநெருக்கடி தீர மேலே தேனறை ஏற்றவேண்டும். அல்லது வளர்ப்போர் தாமே கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும். அடித்தட்டில் சேரும் மெழுகுத் துகளைத் துடைப்பது மெழுகுப்பூச்சியைத் தடுக்கும். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துவது எறும்பைத் தடுக்கும். 1991-92இல் தென்னாட்டில் எண்ணற்ற கூட்டங்களை அழித்த தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்னும் வைரஸ் நோய்க்கு மருந்தில்லை; பைபோல் உப்பி மடிந்த புழுக்களைக் கண்டவுடன் அப்பெட்டியை அகற்றி, அதன் சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றாதிருக்கவேண்டும்.

இவ்வட்டாரத்தில் வளர்ப்போர் மிகவும் அஞ்சவேண்டுவது, மாம்பூவில் தத்துப்பூச்சிக்காகத் தெளிக்கும் மருந்தையே. தேனீக்கள் பூவில் மேயும் காலை வேளையில் தெளித்தல் பெருங்கொடுமை. காய்ப்பிடிப்புக்கு உதவும் பூச்சிகளும் அதனால் மடிவதால், நஷ்டம் தோட்டக்காரருக்கும் உண்டு. தெளிப்பது தவிர்க்க இயலாதெனில், அந்தியில் தேனீக்கள் கூடடைந்தபின் தெளிக்குமாறு அவருடன் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும்.