கைப்பேசியில் பறக்கும் இணையம் மடிக்கணினியில் தவழ்வது ஏன்?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு. கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தால் 90-ஐத் தாண்டுகிறது. அதே ஹாலில், அதே வைஃபையில் உள்ள மடிக்கணினியோ 5, 6 என்று காட்டுகிறது. பிள்ளையின் இணைய வகுப்பு பாதியில் உறைந்து நிற்கிறது. பாடக் கோப்பு ஒன்று இறங்க அரை மணி நேரம் ஆகிறது. பல வீடுகளில் அடுத்து நடப்பது, இணையச் சேவை நிறுவனத்துக்குப் புகார். அதற்கும் பலனில்லை என்றால், கட்டணம் கூடுதலான திட்டத்துக்கு மாறி 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து. மாதந்தோறும் கூடுதல் ரிங்கிட் போகும். மடிக்கணினி மட்டும் பழைய வேகத்திலேயே கிடக்கும்.

இப்படிப்பட்ட நிலையில் மோடத்தைக் குறை சொல்வதற்கு முன், மடிக்கணினிக்குள் தேட வேண்டிய ஒன்று உண்டு. சில மடிக்கணினிகள் கடையிலிருந்து வரும்போதே இணைப்பை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றைச் சுமந்து வருகின்றன. டெல் நிறுவனத்தின் இன்ஸ்பிரான் வகைகள் சிலவற்றில் அதன் பெயர் ஸ்மார்ட்பைட். ஏலியன்வேர், எம்எஸ்ஐ போன்ற விளையாட்டுக் கணினிகளில் கில்லர் கன்ட்ரோல் சென்டர் என்றோ, கில்லர் இன்டலிஜன்ஸ் சென்டர் என்றோ இருக்கும். ஏசுஸ் கணினிகள் சிலவற்றில் கேம்ஃபர்ஸ்ட். ஸ்மார்ட்பைட்டும் கில்லரும் ரிவெட் நெட்வொர்க்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் படைப்புகள்; அந்த நிறுவனத்தை 2020-இல் இன்டெல் வாங்கியது.

இவை வைரஸ் அல்ல. தோட்டத்து வாசலில் நிற்கும் காவலர் போல, கணினிக்குள் வரும் போகும் தரவையெல்லாம் நிறுத்திப் பார்த்து, வீடியோவுக்கும் விளையாட்டுக்கும் முதலில் வழிவிடுகின்றன. மற்றவற்றைக் காக்க வைக்கின்றன. ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் 4 அல்லது 8 எம்பிபிஎஸ் செம்புக் கம்பி இணைப்பில், ஒரு பக்கம் படம் ஓட மறுபக்கம் விண்டோஸ் அப்டேட் இறங்கினால் இந்தக் காவலர் தேவைப்பட்டிருப்பார். பைபர் வந்த வீட்டில் அவருக்கு வேலை குறைவு. இணைப்பின் உண்மையான வேகத்தை அவர் தவறாகக் கணித்துவிட்டால் எல்லா வண்டியும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கில்லர் மென்பொருளில் பதிவிறக்கத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் உண்டு. முன்பு மெதுவான இணைப்புக்கு வைத்த வரம்பு, வீடு மாறிய பிறகும் அப்படியே இருக்கலாம்.

சந்தேகம் சரிதானா என்று அறிய ஒரு நல்ல வழி, விண்டோஸ் காட்டும் 'லிங்க் ஸ்பீட்' எண். செட்டிங்ஸ், பிறகு நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிறகு வைஃபை என்று சென்று, இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் அது தெரியும். மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே மட்டும் உள்ள வேகம் இது. அங்கே 433 என்றோ அதற்கு மேலோ இருந்து, வேகச் சோதனை மட்டும் 5 காட்டினால், வைஃபை அலைவரிசையில் குறையில்லை. தடை கணினிக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். 72 அல்லது அதற்கும் கீழே இருந்தால் கதை வேறு. மடிக்கணினி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

மென்பொருளை உடனே அழிக்க வேண்டியதில்லை. முதலில் நிறுத்திப் பார்க்கலாம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் சர்வீசஸ் பட்டியலைத் திறக்கும் கட்டளையை (சர்வீசஸ், புள்ளி, எம்எஸ்சி) ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்ட வேண்டும். பட்டியலில் ஸ்மார்ட்பைட் நெட்வொர்க் சர்வீஸ் இருந்தால் அதை இருமுறை சொடுக்கி, ஸ்டாப் பொத்தானை அழுத்தி, ஸ்டார்ட்டப் டைப் என்ற இடத்தில் டிசேபிள்ட் என்று மாற்றுங்கள். கணினியை மறுபடி தொடக்கி, கைப்பேசியை வைத்த அதே இடத்தில் வைத்து வேகத்தைச் சோதியுங்கள். 6 என்பது 80, 90 ஆனால் காரணம் பிடிபட்டுவிட்டது. மாறவில்லை என்றால் பழையபடி ஆட்டோமேட்டிக் என்று வைத்துவிடலாம், நட்டமில்லை.

பிடிபட்டால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று, ஸ்மார்ட்பைட் என்று தொடங்கும் பெயரைத் தேடி அன்இன்ஸ்டால் செய்யலாம். வைஃபை வழக்கம்போல் வேலை செய்யும். வைஃபைக்கான டிரைவர் வேறு, இது வேறு. இன்டெல், ரியல்டெக், குவால்காம், மீடியாடெக் என்ற பெயர்களில் உள்ள வயர்லெஸ் டிரைவரை மட்டும் தொடக்கூடாது.

கில்லர் கணினிகளில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே வைஃபை அட்டையே கில்லர் பெயரில் இருக்கலாம். முழுத் தொகுப்பையும் நீக்கினால் டிரைவரும் சேர்ந்து போகக்கூடும், பிறகு டிரைவரை இறக்கவே இணையம் இருக்காது. ஆகவே முதலில் அந்தச் செயலியைத் திறந்து, முன்னுரிமை தரும் வசதியையும் வேக வரம்பையும் அணைத்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் சேமித்துக்கொள்வது நல்லது.

பழைய திங்க்பேட் போன்ற மறுவிற்பனை மடிக்கணினிகளில் இதன் மூதாதையர்களைக் காணலாம். விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வரும்வரை வைஃபையைக் கவனிக்கும் வசதி விண்டோஸில் சரியாக இல்லை. அதனால் தயாரிப்பாளர்களே ஆளுக்கொரு இணைப்பு மேலாளரைச் செய்து தந்தார்கள். திங்க்பேடில் அது ஆக்சஸ் கனெக்ஷன்ஸ். விண்டோஸ் அந்த வேலையை எடுத்துக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒரே வைஃபைக்கு இரண்டு மேலாளர்கள் என்றால், இணைப்பு அடிக்கடி அறுபடுவதில் வியப்பில்லை. இங்கும் விண்டோஸை மட்டும் விட்டுவைப்பதே சரி.

நீக்கிய மென்பொருள் திரும்பி வருவதும் உண்டு. தயாரிப்பாளரின் அப்டேட் செயலி அதை 'தேவையான டிரைவர்' என்று மீண்டும் பரிந்துரைக்கும். அந்த வரியில் உள்ள குறியை எடுத்துவிட்டு மற்றவற்றை இறக்கலாம். கடையில் கொடுத்து ஃபார்மட் செய்தாலும், தயாரிப்பாளரின் மீட்புப் பிரதியிலிருந்து விண்டோஸ் போட்டால் அதே மென்பொருள் கூடவே வந்துவிடும். கடைக்காரரிடம் பெயரைச் சொல்லி, அது வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பணத்தைக் காக்கும். அலுவலகமோ பள்ளியோ கொடுத்த கணினி என்றால், அங்குள்ள கணினிப் பொறுப்பாளரைக் கேட்காமல் எதையும் நீக்கக்கூடாது.

கைப்பேசியிலும் வேகம் இல்லை என்றால் மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. பைபர் எட்டாத தோட்டப் பகுதிகளில் செம்புக் கம்பியோ 4ஜி மோடமோ தரும் வேகத்துக்கு மேல் எந்த மென்பொருளும் தர முடியாது. அங்கே புகார் போக வேண்டிய இடம் சேவை நிறுவனம்தான். அப்போது இரண்டு கருவிகளிலும் சோதனை முடிவைப் படம் பிடித்து, தேதி, நேரத்தோடு அனுப்பினால், 'உங்கள் கணினியில்தான் கோளாறு' என்ற பதிலுக்கு இடமிருக்காது. கோப்பு இறங்கும்போது நொடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் அதைக் குறை சொல்ல வேண்டாம்: 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட், 100 எம்பிபிஎஸ் இணைப்பின் முழு வேகமே நொடிக்கு 12.5 மெகாபைட்தான்.