ஏறியாயிற்று... இறங்குவது எப்படி?

1865, ஜூலை 14. ஸ்விட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையில் நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் உச்சியில் முதன்முதலாக மனிதர்கள் ஏறி நின்றார்கள். எட்வர்ட் விம்ப்பர் என்ற இங்கிலீஷ்காரர் தலைமையில் மொத்தம் ஏழு பேர். கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், கொடி கட்டினார்கள், ஒரு மணி நேரம் ஆசை தீர வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஒரே கயிற்றில் ஏழு பேரும் இடுப்பைக் கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை. ஹேடோ என்கிற அனுபவமில்லாத இளைஞருக்குக் கால் வழுக்கியது. அவர் விழுந்த வேகத்தில் முன்னால் இருந்தவர் மேல் மோத, கயிறு பின்னால் இருந்த இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனது. நடுவில் கயிறு அறுந்தது. அறுந்ததால் விம்ப்பரும் இன்னும் இரண்டு பேரும் பிழைத்தார்கள். நான்கு பேர் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே பனிப்பாறையில் போய் விழுந்தார்கள். அந்த அறுந்த கயிற்றை ஸெர்மாட் ஊர் மியூசியத்தில் இன்றைக்கும் நீங்கள் பார்க்கலாம். விரல் தடிமன் கூடத் தேறாது!

மலையேறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்படுவார்கள். எவரெஸ்ட்டில் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் உயிரை விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இறங்கும்போது செத்தவர்கள்தான். காரணம் சிம்பிள். ஏறும்போது ஆசை தள்ளிக்கொண்டு போகும். இறங்கும்போது ஆசையும் தீர்ந்திருக்கும், ஆக்ஸிஜனும் தீர்ந்திருக்கும், முழங்காலும் தீர்ந்திருக்கும். பொழுது சாய்ந்துகொண்டிருக்கும்.

'மேலேயிருந்து அப்படியே பறந்து வந்துவிட்டால் என்ன?' என்று யாருக்காவது தோன்றாமல் இருந்திருக்குமா? தோன்றியிருக்கும். ஆனால், அதற்கான சாமானைத் தயார் செய்தவர்கள் மலையேறுகிறவர்கள் இல்லை என்பதுதான் வேடிக்கை.

டோமினா ஜால்பெர்ட் என்று ஒருவர். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பட்டம் செய்துகொண்டிருந்தவர். குடை மாதிரி இருந்த பாராசூட்டை மாற்றி, தலையணை உறைகளை வரிசையாகத் தைத்தது போல ஒன்றை 1964ல் வடிவமைத்தார். முன்பக்கம் திறந்திருக்கும், பின்பக்கம் மூடியிருக்கும். காற்று உள்ளே புகுந்து உப்பியதும் வெறும் துணி, விமான இறக்கை ஆகிவிடும்! உள்ளே ஒரு கம்பி, குச்சி கிடையாது. கிட்டத்தட்ட அதே சமயம் டேவிட் பேரிஷ் என்பவர் விண்கலங்களைப் பத்திரமாக இறக்குவதற்காக வேறொரு துணி இறக்கை செய்து, நியூயார்க் பக்கத்து மலைச்சரிவில் தானே ஓடிக் குதித்துப் பார்த்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பாவம், பத்து வருஷம் முந்திப் பிறந்த ஐடியா!

நிஜமான ஆரம்பம் 1978, ஜூன் மாதம். பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியில் மியுஸி என்ற சின்ன ஊர். அங்கே விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த மூன்று நண்பர்கள்... பெதாம், போன், போஸோன். அவர்களுடைய பிரச்னை என்ன தெரியுமா? காசு! ஒவ்வொரு தடவை குதிக்கவும் விமானத்துக்கு வாடகை தர வேண்டும். 'இவ்வளவு பெரிய மலை வீட்டு வாசலில் நிற்கிறது. விமானம் எதற்கு?' என்று யோசித்தார்கள். பாராசூட்டைச் சரிவில் விரித்துப் போட்டு, கயிறுகளைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடினார்கள். துணி தலைக்கு மேலே எழும்பியது. கால் தரையை விட்டது. ஆயிரம் மீட்டர் கீழே, பள்ளத்தாக்கில் இருந்த கால்பந்து மைதானத்தில் போய் இறங்கினார்கள். பாராகிளைடிங் பிறந்துவிட்டது. உலகத்தின் பல பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் இப்படி ஒரு சிக்கனக்காரர் இருப்பார், கவனித்துப் பாருங்கள்.

மலையேறுகிறவர்களுக்கு இந்தச் சேதி எட்டியதும் காதில் தேன். ஏனென்றால், அதுவரை அவர்களுக்குத் தெரிந்தது ஹேங் கிளைடர் மட்டும்தான். அலுமினியக் குழாய், கம்பி என்று நீளமாக இருக்கும் சமாசாரம். அதைத் தூக்கிக்கொண்டு எப்படிச் சிகரம் ஏறுவது?

ஏறிய ஒரு ஆசாமி உண்டு. ழான் மார்க் புவாவேன். இந்தக் கதையின் ஹீரோ என்று இவரைத்தான் சொல்வேன். உலகின் இரண்டாவது உயரமான கே-2 சிகரத்தில், 7,600 மீட்டரிலிருந்து 1979லேயே ஹேங் கிளைடரில் பறந்தவர். அடுத்த வருஷம் அதே மேட்டர்ஹார்னுக்கு வந்தார். கிழக்கு முகத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு சறுக்கி இறங்கினார். சுற்றி வந்து, பெரிய பெரிய ஆட்களே தயங்கும் வடக்கு முகத்தில் தன்னந்தனியாக ஏறினார். உச்சியிலிருந்து ஹேங் கிளைடரில் பறந்து கீழே வந்தார். எல்லாம் ஒரே நாளில்! விம்ப்பர் கோஷ்டி நான்கு உயிரைப் பறிகொடுத்த அதே மலை.

பையில் மடித்து வைக்கக்கூடிய பாராகிளைடர் வந்ததும் இவர் சும்மா இருப்பாரா? 1988, செப்டம்பர் 26 அன்று எவரெஸ்ட் உச்சியில் துணியை விரித்தார்.

இங்கே கொஞ்சம் நின்று, அது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்துவிடுவோம். 8,848 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 40 சதவீதம்தான். காற்று நீர்த்துப் போனால் இறக்கை தாங்காது. தாங்க வேண்டுமென்றால் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். கீழே மணிக்கு 25 கிலோமீட்டரில் எழும்புகிற இறக்கைக்கு அங்கே 40 தேவை. ஆனால், எவரெஸ்ட் உச்சியில் நாலு எட்டு வைத்தாலே நாக்குத் தள்ளும். எப்படி ஓடுவது? எதிர்க்காற்று அடித்தால் உதவி. அதுவே அதிகமாக அடித்தால், விரித்த துணி ஆளையே இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் திபெத்தில் போட்டுவிடும். பின்னாலிருந்து அடித்தால் சுத்தமாக வேலைக்கு ஆகாது. கையுறையைக் கழற்றாமல் கயிற்றுச் சிக்கலை வேறு எடுக்க வேண்டும். கழற்றினால் விரல் மிஞ்சாது.

புவாவேன் சரிவில் ஓடினார். எழும்பினார். சுமார் பதினோரு நிமிஷத்தில் 5,900 மீட்டரில் இருந்த இரண்டாவது முகாமில் இறங்கிவிட்டார்! அதே நாளில் மார்க் பதார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அடிவார முகாமிலிருந்து இருபத்திரண்டரை மணி நேரத்தில் எவரெஸ்ட் ஏறி சாதனை படைத்தார். ஏறுகிற கணக்கு மணியில், இறங்குகிற கணக்கு நிமிஷத்தில்!

புவாவேனின் முடிவையும் சொல்லியாக வேண்டும். 1990, பிப்ரவரியில் வெனிசுவேலாவின் ஏஞ்சல் நீர்வீழ்ச்சியில் பாராசூட்டோடு குதித்தார்கள். அவருக்கு முன்னால் குதித்த ஒரு பெண் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்து, உதவி செய்வதற்காக அவசரமாகக் குதித்தார். மரத்தில் மோதினார். ஹெலிகாப்டர் வந்தபோது, 'முதலில் அந்தப் பெண்ணைப் பாருங்கள்' என்று சைகை காட்டினார். வெளியே தெரியாமல் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வயது 38.

அதே 1990, அக்டோபரில் இன்னொரு பிரெஞ்சு ஜோடி. ழான் நோயல் ரோஷ் என்ற அப்பாவும் பெர்த்ரான் என்ற 17 வயது மகனும். எவரெஸ்ட் ஏறிவிட்டு, சுமார் எட்டாயிரம் மீட்டரில் இருக்கும் சவுத் கோலிலிருந்து இரண்டு பேரும் ஒரே இறக்கையில் பறந்தார்கள். நம் ஊரில் அந்த வயதுப் பையனுக்கு பைக் சாவி கொடுக்கவே யோசிப்போம்! பெர்த்ரான் வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, 2001 மே மாதம் மனைவி க்ளேரோடு மறுபடி எவரெஸ்ட் ஏறி, இந்தத் தடவை உச்சியிலிருந்தே ஜோடியாகப் பறந்து எட்டு நிமிஷத்தில் இறங்கினார்.

'எல்லாம் வெள்ளைக்காரர்கள் கதையாகவே இருக்கிறதே, அந்த மலைக்குச் சொந்தக்காரர்கள் எங்கே?' என்று கேட்கிறீர்களா? வருகிறார்கள். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த பகுதியே இதுதான்.

நேபாளத்தில் லக்பா ட்ஷெரி ஷெர்பா, சானோ பாபு சுனுவார் என்று இரண்டு பேர். லக்பாவுக்கு மலை அத்துப்படி, எவரெஸ்ட்டில் பலமுறை ஏறியவர். ஆனால், நீச்சல் தெரியாது. பாபு காற்றிலும் ஆற்றிலும் கில்லாடி. பாராகிளைடர், கயாக் படகு இரண்டும் தண்ணி பட்ட பாடு. ஆனால், பெரிய மலை எதிலும் ஏறியதில்லை. இரண்டு பேரும் போட்ட திட்டம்: எவரெஸ்ட்டில் ஏறுவது, உச்சியிலிருந்து பறப்பது, அப்புறம் சைக்கிளிலும் படகிலும் கடல் வரை போவது. மலையில் லக்பா வாத்தியார், காற்றிலும் தண்ணீரிலும் பாபு வாத்தியார். கோடீஸ்வர ஸ்பான்ஸர்கள் கிடையாது. பாபுவின் மலையேற்றச் சாமான்களே இரவல்!

2011, மே 21. உச்சிக்குச் சற்றுக் கீழே பனியில் ஓடி எழும்பினார்கள். காற்று தூக்கியதில் எவரெஸ்ட்டுக்கும் மேலே போனார்கள். 42 நிமிஷம் பறந்து நாம்சே ஊருக்கு மேலே உள்ள குட்டி விமானதளத்தில் இறங்கினார்கள். நடையாய் நடந்தால் நாள் கணக்கில் ஆகும் தூரம். பிறகு சைக்கிள், அப்புறம் கோசி, கங்கை என்று படகு. நீச்சல் தெரியாத லக்பா இமயமலை ஆற்று வெள்ளத்தில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஜூன் கடைசியில் வங்காள விரிகுடாவில் காலை நனைத்தார்கள். இந்தப் பயணத்தைப் பற்றிய டாக்குமென்டரி படத்தின் பெயர் 'ஹனுமான் ஏர்லைன்ஸ்'! இமயமலையிலிருந்து பறந்து கடலுக்குப் போனவர்களுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

சரி, இது நியாயமான ஆட்டமா? 'இறங்குவதும் மலையேற்றத்தில் பாதி, அதைத் தாண்டிப் பறப்பது குறுக்கு வழி' என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்று ஒத்துழைக்காவிட்டால் பறக்க முடியாது. தூக்கிக்கொண்டு போன துணியை மறுபடி சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு நடந்துதான் இறங்க வேண்டும். பலருக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. பறக்கலாம் என்ற நினைப்பிலேயே உடம்பில் இருந்த கடைசிச் சொட்டு பலத்தையும் ஏறுவதற்குச் செலவழித்துவிட்டவன் கதி என்ன? அதுதான் நிஜமான ஆபத்து. எடை மட்டும் இப்போது பிரச்னையே இல்லை. தலையணை உறை போன்ற அறைகளையெல்லாம் கழித்துவிட்டு, ஒற்றைத் துணியில் இறக்கை செய்கிறார்கள். சர்க்கரைப் பொட்டலம் மாதிரி ஒரு கிலோ அளவில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த மாதிரி லேசான இறக்கையோடு 2022ல் கே-2வுக்குப் போனார் பெஞ்சமின் வெத்ரீன் என்ற பிரெஞ்சு கைடு. சிலிண்டர் இல்லாமல் வேகமாக ஏறினார். சுமார் 8,400 மீட்டரில் ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் மூளை மயங்கி, நினைவு தப்பியது. அந்த வழியில் இருந்த மற்ற மலையேறிகள்தான் காப்பாற்றினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2024 ஜூலை 28ம் தேதி, அதே சிகரத்துக்கு மறுபடி சிலிண்டர் இல்லாமல் கிளம்பினார். அடிவாரத்திலிருந்து உச்சி வரை பதினோரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு விநாடி குறைவு! பையைப் பிரித்தார், துணியை விரித்தார், அரை மணியில் கீழே.

அன்றைக்கு கே-2 உச்சியிலிருந்து பறந்தவர் அவர் மட்டும் இல்லை. ஒரே இறக்கையில் ஒரு ஜோடியும் கிளம்பியது. ஒருவர், பாறையேற்றத்தில் இரண்டு முறை உலக சாம்பியனான லீவ் ஸான்ஸோஸ் என்ற பெண்மணி. இன்னொருவர், ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர். பெயர் பெர்த்ரான் ரோஷ். ஆமாம், 1990ல் அப்பாவோடு சவுத் கோலிலிருந்து பறந்தானே, அதே பையன்தான்!