அழுக்கு தந்த அழகு

நடுவில் கம்பெனி லோகோ, சுற்றிலும் கலர் கலராகப் புள்ளிகள். பார்த்தால் க்யூ.ஆர். கோடா, கோலமா என்றே தெரியவில்லை. ஆனாலும் செல்போனை நீட்டினால் ‘டக்’கென்று படித்துவிடுகிறது. சில புள்ளிகளை லோகோ மறைத்திருக்கிறதே, எப்படி?

விடை, ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது.

டொயோட்டா கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி டென்சோ. அங்கே பெட்டிகளில் பார்கோடுதான் ஒட்டுவார்கள். ஒரு பார்கோடில் சுமார் 20 எழுத்துதான் அடங்கும். அதனால் ஒரே பெட்டியில் பல பார்கோடுகள். ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணியே ஊழியர்கள் களைத்துப் போனார்கள்.

1992-ல் மாற்று தேட ஆரம்பித்தார் மாசாஹிரோ ஹாரா என்ற இன்ஜினீயர். மதிய இடைவேளையில் அவர் விளையாடுவது ‘கோ’. கட்டம் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்கள். பொறி தட்டியது. 1994-ல் க்யூ.ஆர். பிறந்தது.

மூன்று மூலைகளில் சதுரக் கண்கள் இருக்கிறதல்லவா? அவற்றின் கறுப்பு, வெள்ளை அகலம் 1:1:3:1:1. பத்திரிகை, நோட்டீஸ், அட்டைப்பெட்டி என்று அச்சான சமாசாரங்களையெல்லாம் அலசி, அபூர்வமாகத் தென்படும் விகிதமாகப் பார்த்துப் பிடித்தார்கள். கருவி வேறெதையும் கோடு என்று நினைத்து ஏமாறக் கூடாதே!

தொழிற்சாலை என்றால் எண்ணெய், அழுக்கு இல்லாமலா? அதற்கும் வழி செய்தார்கள். ரீட், சாலமன் என்ற இருவர் 1960-ல் தந்த கணக்கு அது. தகவலோடு கொஞ்சம் உபரியையும் சேர்த்து வைத்தால், அழிந்த பகுதியைக் கணக்குப் போட்டே மீட்டுவிடலாம். கீறல் விழுந்த சிடி பாடுவதும் இதே கணக்கால்தான். க்யூ.ஆரில் 7, 15, 25, 30 சதவிகிதம் என்று நாலு நிலைகள்.

டிசைனர்கள் புகுந்தது இந்தச் சந்தில்தான். அந்த லோகோ இருக்கிறதே, அது கோடின் கண்ணுக்கு வெறும் எண்ணெய்க் கறை. அம்புட்டுதான்! 2012-ல் ரஸ் காக்ஸ் என்ற புரோகிராமர் இன்னும் ஒரு படி மேலே போனார். இணைய முகவரியின் வாலில் எண்களைப் பொறுக்கிச் சேர்த்து, எதையும் மறைக்காமல் புள்ளிகளையே படமாக்கிக் காட்டினார்.

நீங்களும் அலங்கரிக்கலாம். மூலைக் கண்களைத் தொடாதீர்கள். சுற்றி 4 கட்டம் காலியாக விடுங்கள். வெளிர் பின்னணியில் அடர்ந்த நிறம் போடுங்கள். முக்கியமாக, ‘லோகோவைப் பெரிசாக்குங்க சார்’ என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்: சேமிப்பையெல்லாம் நகைக்கே போட்டுவிட்டால், நாளைக்கு நிஜமாகவே கறை பட்டால் வைத்தியச் செலவுக்கு எங்கே போவது?