ஓட்டை போட்ட ஒரு பித்தளைத் துண்டு

பழைய டூவீலர் ஓட்டினவங்களுக்கு 'ஓவர்ஃப்ளோ' தொல்லை நல்லாத் தெரியும். கார்புரேட்டருக்குள்ள இருக்கிற மிதவை மக்கர் பண்ணினா பெட்ரோல் தேவைக்கு மேல நிரம்பி வண்டி நின்னுடும். 1940-ல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர் விமானங்களுக்கும் கிட்டத்தட்ட இதே தொல்லைதான். என்ன, வானத்துல தள்ளிக்கிட்டுப் போய் மெக்கானிக்கைத் தேட முடியாது.

இரண்டிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சின். அருமையான எஞ்சின், ஆனால் மிதவை வைத்த கார்புரேட்டர். விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால், பெட்ரோல் மிதவை அறையின் மேல்பக்கத்துக்கு எகிறிவிடும். முதலில் எஞ்சின் பட்டினியில் ஒரு கணம் திணறும். அதுகூடப் பரவாயில்லை. அடுத்து மிதவை இடம் மாறி, ஊசி வால்வு முழுசாகத் திறந்துகொள்ளும். பம்ப் அனுப்புகிற பெட்ரோல் மொத்தமும் உள்ளே கொட்டும். கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு எஞ்சின் அடங்கிப்போகும்.

ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் கார்புரேட்டரே கிடையாது, சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைப் பீச்சும் முறை. அதனால் அவங்க நேராகக் குத்திப் பாய்ந்து தப்பிச்சிடுவாங்க. பிரிட்டிஷ் விமானியோ முதலில் விமானத்தைப் பாதி உருட்டித் தலைகீழாக்கிவிட்டுத்தான் கீழே இழுக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடியில் எதிரி கைநழுவிப் போயிருப்பான்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் பீட்ரிஸ் ஷில்லிங். ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். 1934-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் நார்ட்டன் வண்டியில் மணிக்கு 100 மைலைத் தாண்டி ஒரு சுற்று ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். காதலர் ஜார்ஜ் நெய்லரும் அதே நட்சத்திரத்தை வாங்கின பிறகுதான் கல்யாணம்னு சொல்லிட்டாராம். நெய்லர் வாங்கினார் என்பது மட்டும் உண்மை!

அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. முழு வேகத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அந்த அளவு மட்டும் போகிற மாதிரி நடுவில் துளை போட்ட சின்ன பித்தளைத் துண்டு. எரிபொருள் குழாயில் அதைச் சொருகிவிட்டால் வால்வு முழுசாகத் திறந்தாலும் வெள்ளம் வராது. விமானத்தைப் பணிமனைக்கு அனுப்பவே தேவையில்லை. 1941 மார்ச் முதல் ஒரு சின்னக் குழுவோடு விமானதளம் விமானதளமாகப் போய் மாட்டிக் கொடுத்தார்.

விமானிகள் இதற்கு 'மிஸ் ஷில்லிங்கின் துளை' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். இரட்டை அர்த்தம் சொல்லாமலே புரியும். 1938-லேயே அவர் திருமதி நெய்லர் ஆகிவிட்டதால், 'மிஸ்' என்பதும் தப்பு.

பிரிட்டன் வான்போரையே இந்தத் துண்டுதான் ஜெயிச்சுக் கொடுத்ததுன்னு சிலர் எழுதுறாங்க. தேதியைப் பார்த்தால் அது நிற்காது. அந்தப் போர் 1940 அக்டோபரிலேயே ஓய்ந்துவிட்டது. கருவி வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. தொடர்ந்து தலைகீழாகப் பறக்கவும் இது உதவாது. அதற்கு, மிதவையை நம்பாத பிரஷர் கார்புரேட்டர் 1943-ல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட இரண்டு வருஷமும் மெர்லின் விமானிகள் தைரியமாக மூக்கைக் கீழே அழுத்தினது அந்தப் பித்தளை ஓட்டையை நம்பித்தான்.