வழிச்செல்வோர் கடன்: உண்டியற் சீட்டு முதல் பயணப்புள்ளிக் கடனட்டை வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கும் அநுராதபுரப் பகுதிக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் வன்னிப் பெருநிலம் பண்டுதொட்டு வழிச்செல்வோர் கடந்து செல்லும் நிலமாக விளங்கி வந்துள்ளது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்னும் இடங்களை ஊடறுத்துச் செல்கின்றது. 1905ஆம் ஆண்டில் நிறைவுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையும் இந்நிலத்தின் வழியதே. வழிகளைப் பற்றி எழுதியோர் பலர். அவ்வழிகளிற் சென்றோர் தம் பொருளை எவ்வாறு கொண்டு சென்றனர் என்னும் வினாவோ அத்துணைக் கவனம் பெறுவதில்லை. இன்று இலங்கை வங்கிகள் பல, செலவிடுந்தோறும் வானூர்திப் பயணத்துக்குரிய புள்ளிகளைச் சேர்த்துத் தரும் கடனட்டைகளை வழங்குகின்றன. அவற்றுள் எதனைத் தெரிந்துகொள்வது என்பது புதிய வினாவே போலத் தோன்றும். ஆயினும் அதன் வேர் பழைய உண்டியற் சீட்டிற் கிடக்கின்றது.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் (1658–1795) வன்னியரிடமிருந்து திறையாகப் பெற்ற யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ஊர்காவற்றுறை வழியாகக் கப்பலேறின. அவற்றை வாங்குதற்குக் கோல்கொண்டா முதலாய தொலைநாடுகளிலிருந்து வணிகர் வந்தனர். ஒரு யானையின் விலை சிறு தொகையன்று. அத்தகைய பெருந்தொகையைக் கடல் கடந்தும் காடு கடந்தும் நாணயமாகச் சுமந்து திரிவது கள்வர்க்கு அழைப்பு விடுப்பதனோடு ஒக்கும். கையிற் பொருளின்றி வன்னியைக் கடந்தவரும் உளர். வடக்கிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் ஊரவர் இடும் அன்னத்தையே நம்பிச் செல்வர். அஃது அறத்தின்பாற்பட்டது. வணிகனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இவ்விடர்க்கு இந்தியப் பெருநிலத்து வணிகர் கண்ட தீர்வே உண்டியல். ஓரூரிலுள்ள வணிக இல்லத்திற் பணத்தைக் கட்டியவன், வேறோர் ஊரிலுள்ள கூட்டாளியின் பெயர்க்கு எழுதிய சீட்டொன்றைப் பெறுவான். சீட்டைக் காட்டியவுடன் பணம் தரவேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழிந்தபின் தரவேண்டியது தவணை உண்டியல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்புச் செட்டியார் தெருவை நடுவாகக் கொண்டு இத்தொழிலை வளர்த்தனர். உண்டியல் கொள்வோன் வட்டம் என்னும் கழிவைத் தானே கொடுத்தான் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. வழியிற் பொருள் காக்கப்படுதற்கு அவன் கொடுத்த விலை அது. உண்டியல் எடுத்தமைக்காக அவனுக்கு எவரும் வெகுமதி அளித்திலர். அவன் இல்லத்தைத் தெரிந்த முறையும் எளிது: செல்லும் ஊரில் அச்சீட்டுச் செல்லுமா, அதற்குக் கழிவு எவ்வளவு, எழுதிக் கொடுத்தவன் நிலைத்து நிற்பானா என்பனவே அவன் கேட்டவை.

மூன்றாம் வினாவின் பொருளை இலங்கையர் 1884ஆம் ஆண்டு மே மாதத்திற் கண்டனர். கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்த நிலையில் ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதன் தாள்கள் நாடெங்கும் பணமாக வழங்கிவந்தன. தேசாதிபதி ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசின் பொறுப்பை அளித்திராவிடின், அவை வெறுந்தாளாய் ஒழிந்திருக்கும்.

மேனாட்டிலும் வழிச்செல்வோர் சீட்டு ஏறத்தாழ இதே நெறியிற் சென்றது. தோமஸ் குக் நிறுவனம் 1874இல் பயணிகளுக்கான சுற்றுச்சீட்டை வெளியிட்டது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் பார்கோ ஐரோப்பாவிற் பயணஞ் செய்தபோது, பெருநகர்களை விட்டு அகன்றவுடன் தம் வங்கிக் கடிதம் மதிப்பற்றுப் போனதைக் கண்டு சினந்து திரும்பினார். அதன் பயனாக 1891இல் பயணக் காசோலை பிறந்தது. பெருஞ்செல்வரும் சிற்றூரில் ஏழையாகலாம் என்பதனை அவர் பட்டறிந்தார் போலும். 1936இல் அமெரிக்க வானூர்தி நிறுவனங்கள் கூடி 425 டொலர் வைப்பிட்டோருக்குக் கடனிற் பயணச்சீட்டு அளிக்கும் அட்டையை நடைமுறைப்படுத்தின. கடனும் வானூர்திப் பயணமும் ஓரட்டையில் இணைந்தது அப்பொழுதே எனலாம்.

பெரிய திருப்பம் 1950ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நியூயோர்க் நகரிற் பிராங் மக்னமாரா என்பார் தொடங்கிய டைனர்ஸ் கிளப், உணவகத்தாரிடமிருந்து நூற்றுக்கு 7 வீதம் கழிவாகப் பெற்றது. உண்டியலிற் கழிவு கொடுத்தவன் பயணி. இங்கே பெரும்பங்கைக் கொடுத்தவன் கடைக்காரன். இம்மாற்றம் நிகழ்ந்திராவிடின் பயணப் புள்ளி என்பது தோன்றியே இராது. கடைக்காரன் கொடுத்த கழிவில் ஒரு கூறினை அட்டைக்காரனுக்குத் திருப்பியளித்து அவனை மேலும் செலவிடத் தூண்டலாம் என்பதனை வங்கிகள் பின்னர் உணர்ந்தன. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த தொலைவுக்கு ஏற்பப் புள்ளியளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1987இல் சிற்றி வங்கி அந்நிறுவனத்தோடு சேர்ந்து, பறவாமலே கடையிற் செலவிட்டும் புள்ளி பெறும் அட்டையை வெளியிட்டது. வானூர்தி நிறுவனம் தன் புள்ளிகளை வங்கிக்கு விலைக்கு விற்றது. வங்கி அவ்விலையைக் கடைக்காரர் கழிவிலிருந்தும் கடன்பட்டோர் வட்டியிலிருந்தும் ஈட்டிக்கொண்டது.

வெகுமதி வானத்திலிருந்து வருவதன்று என்பதற்கு அவுஸ்திரேலியா சான்று. அந்நாட்டு மத்திய வங்கி 2003இல் அட்டைக் கொடுக்கல் வாங்கல்களில் வங்கிகளுக்கிடையே கைமாறும் கட்டணத்தைப் பெரிதுங் குறைத்தது. அதனைத் தொடர்ந்து அட்டைகளின் புள்ளித் திட்டங்களும் சுருங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கடனட்டைக்கு அக்கட்டணத்தை 0.3 வீதத்துக்கு மட்டுப்படுத்தியது. அங்கும் தாராளமான வெகுமதி அட்டைகள் அருகின. ஊற்று அடைபட்டபின் வாய்க்காலில் நீர் எவ்வாறு ஓடும்?

இனி, வன்னிக்கு மீள்வோம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் ஆட்சிப் பகுதியை விட்டு வெளியேறுதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். மீள்வதற்குப் பிணையாக ஒருவர் நிற்றலும் வேண்டும். வடக்கிலிருந்து வவுனியாவை அடைந்தோர்க்கு அங்கும் பாஸ் நடைமுறை காத்திருந்தது. பணத்தை நம்பும் சீட்டைக் கண்ட நிலம், ஆளை நம்பாத சீட்டையும் கண்டது. அக்காலத்திற் பழைய உண்டியல் மீண்டும் உயிர்பெற்றது. தொறன்ரோவிலோ இலண்டனிலோ ஓர் உறவினர் முகவரிடம் பணங் கட்டினால், வன்னியில் அவருடைய கூட்டாளி குடும்பத்தாரிடம் அதனைச் சேர்ப்பித்தார்.

1994இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகத்தின் வரலாறு மேற்சொன்ன மூன்றாம் வினாவை மிகக் கொடிய முறையில் எழுப்புகின்றது. மக்கள் அதிற் பணம் வைப்பிட்டனர். நகைகளை அடகு வைத்தனர். 2009இல் போர் முடிந்தபோது வைப்பகம் இல்லாதொழிந்தது. சேமிப்பேடுகளும் அடகுச் சிட்டைகளும் மக்கள் கையில் எஞ்சின. போரின் இறுதியில் மீட்கப்பட்ட நகைகளின் ஒரு தொகுதியை இராணுவம் பொலிசாரிடம் ஒப்படைத்தது 2025ஆம் ஆண்டு மே மாதத்திலேயே. ஒரு சிட்டை தன் பொருளைத் தேடி 16 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

போருக்குப்பின் வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் நெடுஞ்சாலையோரத்தில் விரைந்து பெருகின. வேலியடைக்கவும் கோழி வளர்க்கவும் கடன்பட்ட பெண்கள் ஒரு கடனை அடைக்க மறுகடன் பட்டனர். இவ்வவலம் வடக்கிலும் கிழக்கிலும் பெருகியமையால், வறட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு 2018இல் அறிவித்தது. வட்டிக்கு அப்போது விதிக்கப்பட்ட மேலெல்லையே 35 வீதம் என்றால், அதற்கு முன்னிருந்த நிலையை உய்த்துணரலாம்.

கடனட்டை பெறுவோர் இவர் அல்லர். மாதந்தோறும் நிலையான சம்பளம் பெறும் ஆசிரியரும் அலுவலருமே. ஆயினும் இவ்விரு சாராரும் ஒரே கடையிற் பொருள் வாங்குகின்றனர். வங்கிக்குக் கொடுக்கும் கழிவைக் கடைக்காரர் விலையிற் சேர்த்துவிடின், அட்டை நீட்டும் ஆசிரியரும் கசங்கிய தாளை நீட்டும் கைம்பெண்ணும் ஒரே விலையையே கொடுப்பர். புள்ளி மட்டும் ஒருவரைச் சேரும். சில கடைகள் அட்டைக்கு மேலதிகமாக அறவிடுவதும் உண்டு. வங்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்கு இடங்கொடாது எனினும், யாருடைய பணத்தில் யார் பறக்கின்றனர் என்பதை அவ்வழக்கமாவது வெளிப்படையாகக் காட்டுகின்றது.

பயணப்புள்ளி அட்டையைத் தெரிய விழைவோர்க்கு உண்டியற்காரனின் வினாக்களே இன்றும் போதும். கழிவு பற்றிய வினாவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவர் ஆண்டில் 6 இலட்சம் ரூபாவை அட்டையாற் செலவிடுகின்றார் என்க; நூறு ரூபாவுக்கு ஒரு ரூபா பெறுமதியான புள்ளி கிடைப்பின் அவர் பெறுவது 6,000 ரூபா. அதிலிருந்து ஆண்டுக் கட்டணத்தைக் கழித்தல் வேண்டும். அவரே 1 இலட்சம் ரூபாவை மூன்று மாதம் நிலுவையில் விட்டால், 24 வீத வட்டியில் அதற்குக் கொடுப்பதும் 6,000 ரூபா. ஓராண்டுப் புள்ளி மூன்று மாதத்திற் கரைந்து போகின்றது. குறைந்தபட்சக் கொடுப்பனவை மட்டும் செலுத்தி வருவோருக்குப் புள்ளி என்பது தம் வட்டியின் சிறு துளியைத் தாமே திரும்பப் பெறுவதாகும். அட்டையைக் கொண்டு இயந்திரத்திற் பணமெடுப்போர்க்கு வட்டியற்ற நாட்களும் இல்லை. எடுத்த நாள் முதலே வட்டி ஏறும். இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 வீத எல்லை விதித்தது. 2022 ஏப்பிரலில் அவ்வெல்லை நீக்கப்பட்டு வட்டி கடுகி உயர்ந்தது. ஆகவே அட்டை வாங்கிய நாளின் வட்டியை என்றும் உள்ளதெனக் கொள்ளலாகாது. மாத நிலுவையை முழுதுஞ் செலுத்த இயலாதவர் புள்ளியைப் பாராது வட்டி குறைந்த அட்டையை நாடுவதே தக்கது. அட்டையே வேண்டாம் என்பது அதனினும் தக்கது.

புள்ளியை அளிப்போன் நிலைத்து நிற்பானா என்பதும் வெறும் ஐயமன்று. புள்ளி பணமன்று, அளித்தவனே அதன் மதிப்பைக் குறைக்கவும் காலவெல்லை வைக்கவும் உரிமையுடையவன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கடல் கடப்பவர் சேர்த்த புள்ளி, மூன்றாண்டிற் காலாவதியானால் என் செய்வது? 2022இல் ரூபாவின் மதிப்புச் சில மாதங்களிலேயே டொலருக்கு ஏறத்தாழ 200இலிருந்து 360 அளவுக்குச் சரிந்தபோது, வெளிநாட்டுப் பயணச்சீட்டின் ரூபா விலை உயர்ந்தது; ரூபாச் செலவைக் கொண்டு புள்ளி சேர்த்தவர் அதே பயணத்துக்கு முன்னினும் கூடுதலாகச் செலவிட்டாக வேண்டிய நிலையாயிற்று.

எஞ்சுவது, சீட்டுச் செல்லுமிடம் பற்றிய வினா. வன்னியிலிருந்து சென்னைக்குச் செல்ல விழைவோர்க்கு இரு வாயில்கள் உள. ஒன்று தெற்கே நெடுந்தொலைவிலுள்ள கட்டுநாயக்கா. மற்றது 2019 ஒக்டோபரிற் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, 2020இற் சேவை தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டும் இயங்கத் தொடங்கிய பலாலி. கிளிநொச்சியிலிருந்து பலாலி அண்மையது. அங்கிருந்து சென்னைக்குச் சேவை நடத்துவன இந்திய நிறுவனங்கள். கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் நிறுவனமொன்றின் புள்ளியைச் சேர்த்தவர், அது பலாலியிற் செல்லுமா என்பதை அட்டை விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன் வங்கி அலுவலரிடம் கேட்டு எழுத்திற் பெற்றுக்கொள்ளல் வேண்டும். செல்லாதெனின், வீட்டுக்கு அண்மையிலுள்ள வானூர்திக்குக் கைப்பணங் கொடுப்பதோ, புள்ளியைச் செலவிடுதற்காகவே இரவு முழுதும் பேருந்தில் தெற்கே செல்வதோ அவர்க்கு எஞ்சும்.