இல்லாத கையின் வலி

கையே இல்லாதவருக்குக் கை வலிக்குமா? கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் விபத்திலோ சர்க்கரை நோயிலோ கை கால் இழந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். போன உறுப்பு இன்னும் அங்கேயே இருப்பதுபோல் உணர்வதாக அவர்களுள் பெரும்பாலோர் சொல்வார்கள். பலருக்கு அது வலிக்கவும் செய்யும். விரல்கள் மடங்கி, நகங்கள் உள்ளங்கையில் பதிந்து, விரிக்க முடியாமல் இறுகிக் கிடப்பதாகச் சிலர் துடிப்பார்கள். தடவிக் கொடுக்கலாம் என்றால் அங்கே ஒன்றும் இல்லை!

இது புதிய செய்தியன்று. 16ஆம் நூற்றாண்டிலேயே அம்புருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை வைத்தியர் இதை எழுதி வைத்தார். 1797இல் போரில் வலக்கையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன், ஆன்மா உண்டு என்பதற்கு இதுவே சான்று என்றாராம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களைப் பிலடெல்பியாவில் கவனித்த டாக்டர் வெயர் மிட்செல், 1871இல் இதற்கு 'ஆவி உறுப்பு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

பெயர் வந்ததே தவிர நிவாரணம் வரவில்லை. அறுபட்ட நரம்பின் முனை முடிச்சுப்போல் வளர்ந்து மூளைக்கு வீண் செய்தி அனுப்புகிறது என்று கருதி, எஞ்சிய பகுதியை இன்னும் மேலே வெட்டிப் பார்த்தார்கள். சிலருக்குக் கொஞ்ச நாள் குறைந்தது; பிறகு திரும்பி வந்தது. எதற்கும் அடங்காதவரை 'மனப்பிரமை' என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. வலியைவிட இதுதான் கொடுமை என்பது என் அபிப்பிராயம்.

காய்ச்சலுக்குத் தர்மாமீட்டர் உண்டு. வலிக்கு என்ன உண்டு? நோயாளியின் வாய்ச்சொல்தான். 1975இல் கானடாவில் ரொனால்டு மெல்சாக் என்ற உளவியல் அறிஞர் அந்தச் சொல்லையே கருவியாக்கினார். வலியை வருணிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, எது பொருந்துகிறது என்று கேட்டார். நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இது தெரிந்த விஷயந்தான். எரிகிறது, குடைகிறது, கடுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. நரம்பே பழுதானால் எரிச்சல், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்ச்சி, ஊசிக் குத்தல், மரமரப்பு ஆகியவை அதற்கு அடையாளங்கள்.

இன்னொரு முறையும் உண்டு. 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டு, ஒரு முனையில் 'வலியே இல்லை', மறு முனையில் 'இதற்குமேல் வலி இல்லை' என்று வைத்துக்கொள்வது. நோயாளி ஓரிடத்தில் குறியிடுவார். டாக்டர் அளவுகோலை வைத்து அளப்பார். வெர்னியரோடு பழகியவர்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். ஆனால் ஒருவருடைய நேற்றைய வலியையும் இன்றைய வலியையும் ஒப்பிட இது போதும்.

இனி நம் ஊர்க்காரர் ஒருவரிடம் வருவோம். வி. எஸ். ராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பின்னர் அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் மூளையை ஆராயலானார். உடம்பு முழுவதற்கும் மூளையின் மேற்பரப்பில் ஒரு வரைபடம் உண்டு. அதில் கைக்குரிய இடத்தை அடுத்து முகத்துக்குரிய இடம் இருக்கிறது. கை இழந்த ஒருவரின் கன்னத்தை அவர் பஞ்சுக் குச்சியால் தொட்டார். தொட்டது இல்லாத கையிலும் தெரிந்தது! கை போனாலும் வரைபடத்தில் அதன் இடம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதில் குடியேறியிருந்தார், அவ்வளவே.

சரி, இறுகிய விரல்களை எப்படி விரிப்பது? மூளை 'விரி' என்று கட்டளை இடுகிறது. விரிந்தது என்ற பதில் வருவதே இல்லை. அந்தப் பதிலைக் கண் வழியாகக் கொடுத்தால் என்ன?

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். காற்றில்லாத காலையில், இலைகளுக்கு இடையே தண்ணீரில் இன்னொரு மலை தெரியும். மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம். அங்கே திரையை வைத்தால் எதுவும் விழாது. ஆகவே அதை மாய பிம்பம் என்கிறோம். இப்போது அந்தத் தண்ணீர்ப் பரப்பைச் செங்குத்தாக நிமிர்த்தி, உங்கள் மார்புக்கு நேரே நடுவில் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். வலக்கையை ஒரு பக்கம் நீட்டினால், அதே தூரத்தில் மறுபக்கம் ஓர் இடக்கை தெரியும். இடவல மாற்றம் என்று பாடத்தில் படித்தது இதுதான். போன கை எங்கே இருந்திருக்குமோ, சரியாக அங்கே பிம்பம் நிற்கிறது.

ராமச்சந்திரன் செய்தது இவ்வளவே: ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி. நல்ல கையை மூடித் திறக்கச் சொன்னார். 1996இல் வெளியான கட்டுரையின்படி, கை இழந்த 10 பேரில் 6 பேருக்கு இல்லாத கை அசைந்ததாகத் தோன்றியது. விரல் இறுகும் வேதனை இருந்த 5 பேரில் 4 பேருக்கு அது தளர்ந்தது.

இதை முறையாகச் சோதிக்க வேண்டாமா? கால் இழந்த 18 பேரிடம் வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையினர் நடத்திய சோதனை 2007இல் வெளியாயிற்று. 6 பேருக்குக் கண்ணாடி; 6 பேருக்குத் துணி போர்த்திய கண்ணாடி; 6 பேர் கண்ணை மூடிக் கற்பனை செய்தனர். நாள்தோறும் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த அறுவருக்கும் வலி குறைந்தது. துணி போர்த்திய பிரிவில் ஒருவருக்குத்தான் குறைந்தது; மூவருக்குக் கூடிற்று. பிறகு மற்ற இரு பிரிவுகளிலிருந்து கண்ணாடிக்கு மாறிய 9 பேரில் 8 பேருக்குக் குறைந்தது.

எண்ணிக்கை சிறியது என்பதை மறக்கலாகாது. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. இரு கையும் அல்லது இரு காலும் இழந்தவருக்குப் பிம்பம் காட்ட எதுவும் இல்லை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற மாத்திரைகளும் பலருக்குப் பாதி வலியைத்தான் குறைக்கின்றன.

டாக்டரின் யோசனைப்படி வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரசம் போன கண்ணாடி உதவாது. கைக்குச் சிறியது போதும், காலுக்கு நீளமானது வேண்டும். நல்ல கையிலுள்ள மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் முதலில் கழற்றிவிட வேண்டும். போன கை அவற்றை அணிந்திருக்கவில்லை என்றால் மூளை ஏமாறாது.