பிணையாக நீட்டிய கை

செவ்வாய்க்கிழமைக்கு ஆங்கிலத்தில் 'டியூஸ்டே' என்று பெயர் வந்தது எப்படி என்று நம் கிளியனூர் வாலிபர் ஒருவர் கேட்டார். வட ஐரோப்பியர் முற்காலத்தில் வணங்கிய டீர் என்னும் தெய்வத்தின் பெயர் அது. ஆங்கிலேயரின் முன்னோர் 'டிவ்' என்றனர். போருக்கும் நீதிக்கும் உரியவனாக அவனைக் கருதுவர். அவன் கதையை 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி எழுதிவைத்தார்.

ஃபென்ரிர் என்னும் ஓநாயைப் பட்டுப்போன்ற மாயக்கயிற்றால் கட்டத் தெய்வங்கள் முயன்றன. அறுக்க இயலாவிடில் அவிழ்த்துவிடுவதாக வாக்களித்தன. ஓநாய் நம்பவில்லை, பிணையாகத் தன் வாயில் ஒருவர் கைவைக்கக் கேட்டது. டீர் மட்டுமே வலக்கையை நீட்டினான். கட்டு இறுகியது. ஒருவரும் அவிழ்க்கவில்லை; கை போயிற்று. ஓநாயின் பக்கமும் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் கையிழந்த நீதிமான் ஒருவன் உண்டு. பாண்டியன் ஒருநாள் கீரந்தை என்பவனின் வீட்டுக் கதவைத் தட்டினான். அரசனின் காவலே காவல் என்று கணவன் சொல்லிச் சென்றதை நம்பியிருந்த அவன் மனைவி உள்ளே நடுங்கினாள். பிழையுணர்ந்த மன்னன், தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டு பொற்கைப் பாண்டியன் ஆனான். டீரின் கை பிறரின் வஞ்சகத்துக்கு ஈடாகப் போனது. இவன் கை தன் குற்றத்துக்கே தண்டமாயிற்று.

சிலப்பதிகாரத்தில் இக்கதையைக் கண்ணகிக்குச் சொல்வது மதுராபதித் தெய்வம். சொல்லும் வேளையிலோ, அதே குலத்து அரசன் ஒருவன் தவறாய் வழங்கிய தீர்ப்பினால் மதுரை எரிந்துகொண்டிருந்தது.